மரத்துக்கு ரூ. 1,100!

வெள்ளம் வந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அணையில் எத்தனை அடி, ஆற்றில் எத்தனை கன அடி, வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று அளந்தெழுத ஆள் உண்டு, ஏடு உண்டு, பழக்கமும் உண்டு. காற்று அப்படியல்ல. நள்ளிரவில் வருகிறது, விடிவதற்குள் போய்விடுகிறது, மறுநாள் வானம் ஒன்றும் அறியாப் பிள்ளைபோல் வெளுத்துக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்தால் நிலம் மிஞ்சும், அடுத்த பட்டம் விதைக்கலாம். காற்று பறித்துச் செல்வதோ, தகப்பன் நட்டு மகன் காய் பறிக்கும் பொருளை! இந்த வேற்றுமை நம் அரசாங்கங்களின் நிவாரண ஏடுகளில் இன்றளவும் ஏறவில்லை என்பதே நாம் சாட்டும் குற்றம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நள்ளிரவு கடந்து, 16ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது கஜா புயல். பெயர் இலங்கை சூட்டியது, பொருள் யானை. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்று அந்த வட்டாரத்து மக்கள் பிறகு கேட்டார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை தரப்பட்டது, பல்லாயிரவர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. இதை மறைப்பதற்கில்லை, பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆளைக் காப்பாற்றும் வித்தையை ஓரளவு கற்றுவிட்டோம். காப்பாற்றப்பட்ட ஆள் முகாமிலிருந்து வீடு திரும்பி எதைக் கொண்டு பிழைப்பான்? அந்தப் பாடத்தை இன்னும் தொடவே இல்லை.

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்தது காற்று. ‘நூறுதானே!’ என்று நகரத்தில் இருப்பவர் சொல்லலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அறுபதில் தலையாட்டி நிற்கும் மரத்தை நூற்றிருபதில் நான்கு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தோடு விட்டதா? புயலின் கண் கடந்த ஊர்களில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது காற்று. பிறகு சற்று நேரம் அமைதி. ஓய்ந்தது என்று கதவைத் திறந்தார்கள். அடுத்த கணம் தெற்கிலிருந்து அடித்தது. ஒரு பக்கம் சாய்த்து வேரைத் தளர்த்திய மரத்தை, மறுபக்கம் இழுத்துப் பிடுங்கிப் போட்டது.

நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டங்களை வாரிச் சுருட்டியது கஜா. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கக் கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்தார்கள். கூரைகள் பறந்தன, படகுகள் உடைந்தன, வேதாரண்யத்தில் உப்பளமும் போயிற்று, மாந்தோப்பும் போயிற்று. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் மாண்டன. ஒவ்வொன்றும் தனியே எழுதத் தக்கது. இன்று நாம் எடுத்துக்கொள்வது தென்னை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்து உழவன் தென்னைக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. காவிரியின் கடைமடையில் இருப்பவன் அவன். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும், வராது என்று ஆண்டுதோறும் ஏங்கிச் சலித்தவன், நெல்லை நம்பிக் கெட்டது போதும் என்று கன்றை நட்டான். தோப்பு அவனுக்குப் பள்ளிக் கட்டணம், மகள் திருமணம், வங்கிக் கடனுக்கு வட்டி. அந்தத் தோப்புகளில் இலட்சக்கணக்கான மரங்கள் ஓர் இரவில் படுத்தன.

அரசாங்கம் கணக்கெடுத்தது. விழுந்த மரத்துக்கு ரூ. 600, அதை வெட்டி அப்புறப்படுத்த ரூ. 500, ஆக மரத்துக்கு ரூ. 1,100. எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து ரூ. 1,92,500. மொத்தமாகச் சொன்னால் பெரிய தொகைதான்! பிரித்துப் பார்ப்போம். நல்ல மரம் ஆண்டுக்கு எண்பது முதல் நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஓராண்டுக் காய்க்கு விலை கொடுத்திருக்கிறார்கள், மரத்துக்கு அல்ல. நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு. அதன் பிறகு அறுபது வயது வரை நின்று தரும். இருபது வயது மரம் விழுந்தால் போனது நாற்பதாண்டு வருவாய், காத்திருப்பது இன்னும் ஆறாண்டு. மறுநடவுக்குக் கன்றும் உதவியும் அறிவித்தார்களே என்பீர்கள். அறிவித்தார்கள், கன்று காய்க்கும்வரை அடுப்பு எரிய வேண்டாமா?

மாநிலம் கொடுத்ததாவது இந்த அளவு. மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதியைப் பாருங்கள். அந்நாளைய விதிப்படி, பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு ரூ. 18,000, அதுவும் இரண்டு எக்டேர் வரைதான். அதே 175 மரத்தால் வகுத்தால் மரத்துக்கு நூற்று மூன்று ரூபாய்! 2022இல் விதியைத் திருத்தினார்கள், ரூ. 22,500 ஆக்கினார்கள். இப்போது மரத்துக்கு நூற்று இருபத்தெட்டு ரூபாய் சொச்சம். இவர்கள் மரத்துக்கு விலை போடவே இல்லை. விதை, உரம் வாங்கக் கைச்செலவு கொடுப்பதாகத்தான் அந்த விதியின் எண்ணம். மூன்று மாத நெல்லையும் முப்பதாண்டுத் தென்னையையும் ஒரே பார்வையில் பார்க்கும் விதி அது. தமிழ்நாடு ஏறத்தாழ ரூ. 15,000 கோடி கேட்டது. 2018 டிசம்பர் முடிவில் தில்லி ஒப்பியது ரூ. 1,146 கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேரம் பேசும் சந்தையிலும் இப்படிக் குறைத்துக் கேட்க நாக்கு கூசும்.

விழுந்த மரத்தின் கதை இது. நின்ற மரம்? தென்னைக்குக் கிளையில்லை, உச்சியில் ஒரே ஒரு குருத்து. காற்று திருகியதில் குருத்து முறிந்தால், மரம் சில மாதம் நின்றபடியே பட்டுப்போகும். நவம்பரில் குறிப்பேட்டோடு வந்த அலுவலர் நின்ற மரத்தை உயிருள்ள மரம் என்று எழுதிப் போனார். அவர் மேல் குற்றமில்லை; அவருக்கிட்ட கட்டளை அவ்வளவுதான். விழுந்த மரத்தை உடனே அகற்றாவிட்டால் அது மக்கும் இடத்தில் காண்டாமிருக வண்டு பெருகும், மிஞ்சிய மரத்தின் குருத்தைக் குடையும். ஐந்நூறு ரூபாயில் மரத்தை அறுத்து, வேரைத் தோண்டி, வண்டியேற்ற முடியாதவன் என்ன செய்வான்? ஆறு மாதம் கழித்து ஒரு மறுகணக்கு எடுப்பதை ஏன் விதியாக்கக் கூடாது?

காப்பீடு இருந்ததே என்று வாதிப்போரும் உண்டு. இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டப்படி, பதினாறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டு பிரீமியம் பதினான்கு ரூபாய். அதில் உழவன் கொடுக்க வேண்டியது கால் பங்கு, மூன்றரை ரூபாய். மரம் போனால் ரூ. 1,750. மூன்றரை ரூபாய் கட்ட முடியாமலா தோப்புகள் காப்பீடின்றிக் கிடந்தன? அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வரி வசூலிக்க வீடு தேடி வரத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இந்தச் சேதியைக் கொண்டுவர வழி தெரியவில்லை. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பண்ருட்டிப் பலாவையும் சாய்த்தபோதே இந்தப் பாடம் எழுதிக் காட்டப்பட்டது. ஏழாண்டு இருந்தது, படிப்பதற்கு.

இவ்வளவும் மரம் உடையவனைப் பற்றிய பேச்சு. மரம் இல்லாதவன் மரத்தால் வாழ்ந்தானே, அவன் எந்த ஏட்டில் இருக்கிறான்? ஏறிக் காய் பறித்தவன், உரித்தவன், லாரியில் ஏற்றியவன், கொப்பரைக் களத்தில் உடைத்துக் காயவைத்த பெண்கள், கயிறு திரித்தவர்கள், குந்தியிருந்து கீற்று முடைந்த கிழவி! தோப்பு விழுந்த அன்று இவர்கள் அத்தனை பேரின் கூலியும் விழுந்தது. குடிசைக்கு நிவாரணம் கேட்க முடிந்தது. மர நிவாரணப் பட்டியலில் நிற்கப் பட்டா வேண்டும். கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குப் பாடுபட்டவனுக்கே பட்டா இல்லையென்றால், கூலிக்கு ஏறியவனிடம் எதைக் கேட்பது? சில மாதம் மரம் அறுக்கும் வேலை கிடைத்தது. தனக்குச் சோறு போட்ட மரத்தைத் தானே துண்டு போட்டுக் கூலி வாங்கினான். அறுத்து முடிந்ததும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வண்டியேறினான்.

அவன் பெயரை எழுதிவைக்கப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. எந்தத் தோப்பில் யார் ஏறுகிறார், எந்தக் களத்தில் யார் உடைக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரு வாரத்தில் பட்டியல் தயாராகிவிடும். அதைப் புயல் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்குமுன், முகாமுக்கு அரிசி மூட்டை ஒதுக்கும் அதே கூட்டத்தில், அதே மேசையில்.