அக்கரை இல்லாத பாலம்

ஊரே பணம் போட்டு மீட்டது. விருது வந்தது, வருமானம் வரவில்லை.

இங்கிலாந்தின் தென் கடற்கரை நகரமான ஹேஸ்டிங்ஸில் ஒரு பாலம் இருக்கிறது. கரையிலிருந்து கிளம்பி சுமார் 277 மீட்டர் கடலுக்குள் போய், அங்கேயே முடிந்துவிடுகிறது. நடந்து போய்க் காற்று வாங்கித் திரும்புவதற்கென்றே கட்டிய பாலம். ஆங்கிலேயர் இதைப் ‘பியர்’ என்கிறார்கள்.

இத்தகைய பாலங்கள் முதலில் படகுத் துறைகளாகவே பிறந்தன. கடல் உள்வாங்கும் நேரத்தில் படகுகள் கரையை நெருங்க முடியாது. பயணிகள் சேற்றில் இறங்காமல் கரையேற, ரைட் என்ற ஊரில் 1814-இல் ஒரு பாலம் கட்டினார்கள். பிறகு ரயில் வந்தது. உழைப்பாளிகளுக்கு விடுமுறையும் கிடைத்தது. படகுத் துறை உல்லாச மேடை ஆனது.

ஹேஸ்டிங்ஸ் பாலம் திறக்கப்பட்டது 1872 ஆகஸ்ட் 5, ஒரு பொது விடுமுறை நாளில். வடிவமைத்தவர் யூஜீனியஸ் பர்ச். பிரிட்டனில் 14 கடற்பாலங்களை உருவாக்கிய இந்தப் பொறியாளருக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. கல்கத்தா - டெல்லி ரயில் பாதைப் பணியில் அவருக்கும் பங்கிருந்தது. பாலத்தின் கடல் முனையில், கீழை நாட்டுப் பாணியில் சுமார் 2,000 பேர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. 1917-இல் அது தீக்கிரையானது. 1922-இல் புதிய அரங்கம் வந்தது.

ஒரு தலைமுறைக்கு அது நடன அரங்கம். அடுத்த தலைமுறைக்கு அது ராக் இசை. ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எல்லோரும் அலைகளுக்கு மேலே நின்று பாடினார்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவுடன் சிட் பாரட் கடைசியாக மேடை ஏறியதும் இங்கேதான், 1968 ஜனவரியில்.

அதற்குப் பின் இறங்குமுகம். மலிவான விமானங்கள் விடுமுறைக் கூட்டத்தை ஸ்பெயினுக்கு அள்ளிச் சென்றன. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்தது. பராமரிக்க ஆளில்லை. பாலம் கடைசியில் பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பாதுகாப்பில்லை என்று 2008-இல் கதவை மூடினார்கள். 2010 அக்டோபர் 5 அதிகாலையில் பற்றிய தீ, மேல்கட்டுமானத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. இரும்புக் கால்கள் மிஞ்சின.

ஊர் சும்மா இருக்கவில்லை. தீக்கு முன்பே தொடங்கிய மக்கள் இயக்கம் இன்னும் வேகமெடுத்தது. நகர சபை 2013-இல் பாலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. குறைந்தது 100 பவுண்டு என்ற கணக்கில் சுமார் 3,000 பேர் பங்கு வாங்கினார்கள். மொத்தச் செலவு 1.42 கோடி பவுண்டு. பெரும்பகுதியைத் தந்தது லாட்டரிப் பணத்தில் இயங்கும் பாரம்பரிய நிதி.

2016 ஏப்ரலில் பாலம் மீண்டும் திறந்தது. நடுவில் ஒரு பார்வையாளர் கூடம்; அதன் சுவர்களில் தீயில் தப்பிய பழைய பலகைகள். கடல் முனையில் கட்டடமே இல்லை, பரந்த மரத்தளம் மட்டுமே. கச்சேரியோ, சந்தையோ, சர்க்கஸோ, எது வந்தாலும் இடம் உண்டு என்பது கட்டடக் கலைஞர்களின் எண்ணம். பிரிட்டிஷ் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான ஸ்டர்லிங் பரிசு 2017 அக்டோபரில் இதற்குக் கிடைத்தது. ஊரில் சிலரோ இதற்கு ‘பலகை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

விருது வாங்கிய அடுத்த மாதமே அறக்கட்டளை நொடித்துப் போனது. கடற்பாலங்கள் காலங்காலமாக ராட்டினத்திலும் காசு போட்டு ஆடும் இயந்திரங்களிலும்தான் பிழைத்து வந்தன. வெட்டவெளித் தளத்துக்கு அந்த வரும்படி இல்லை. மழை பெய்தால் நிகழ்ச்சியும் இல்லை. இரும்பின் பராமரிப்புச் செலவோ மழை வெயில் பார்ப்பதில்லை.

ஊர் மறுபடியும் உண்டியல் குலுக்கியது. ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டு சேர்ந்தது. ஆனால் 2018 ஜூனில் நிர்வாகிகள் பாலத்தை விற்றது ஒரு ஹோட்டல் அதிபருக்கு, பக்கத்து ஊரான ஈஸ்ட்போர்னின் பாலத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தவருக்கு. விலை சுமார் 50,000 பவுண்டு என்றன பத்திரிகைகள். மூவாயிரம் உரிமையாளர்களும் ஒரே நாளில் வெறும் பார்வையாளர்கள் ஆனார்கள்.

ஒரு காலத்தில் பிரிட்டனில் இப்படிச் சுமார் 100 பாலங்கள் இருந்தன. எஞ்சியவை 60 அளவில்தான். ராட்டினமும் இயந்திரங்களும் நிறைந்த பிரைட்டன் பேலஸ் பாலமே 2024-இல் வெளியூர்க்காரர்களிடம் 1 பவுண்டு நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

எரிந்த பாலத்தை எழுப்ப ஒருமுறை பணம் கொடுக்க ஊர் மக்களும் அரசு நிதியும் முன்வந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் துருவைச் சுரண்டி வண்ணம் பூச யார் கொடுப்பது? ஹேஸ்டிங்ஸ் தோற்றது அந்தக் கேள்வியில்தான்.