டான்யூப் கரையில் சைக்கிளா? காகிதத்தை அன்றே வாங்குங்கள்

கோடை விடுமுறை தொடங்கினால் டான்யூப் கரைச் சைக்கிள் பாதையில் குடும்பங்கள் நிறைந்துவிடும். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் தொடங்கி, ஆஸ்திரியாவின் லின்ஸ், மெல்க், கிரெம்ஸ் வழியாக வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய எல்லாமே சமதரை. அதனால்தான் சிறு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் ஒரு துண்டை ஓட்டிவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்று பலரும் கிளம்புகிறார்கள். ம்யூனிக்கிலும் வியன்னாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து விசாவில் வந்த பெற்றோரும் இவர்களில் உண்டு.

இவர்கள் செய்யும் தவறு திரும்பத் திரும்ப ஒன்றுதான். ஊருக்குள் பாதை சாலையோடு சேரும் இடத்தில் கார் உரசிக் குழந்தை விழுகிறது. எழுந்தும் நிற்கிறது. ஓட்டுநர் வருத்தம் தெரிவிக்கிறார், நம்மவர் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இரவில் குழந்தையின் கை வீங்குகிறது. கார் எண்ணைக்கூடக் குறித்திருக்க மாட்டார்கள். இன்னொரு குடும்பம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் திருடு போன சைக்கிளுக்குப் புகாரே கொடுக்காமல் வீடு திரும்பி, பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் மேல் ஈமெயில் எழுதுகிறது. இரண்டிலும் சட்டம் இவர்கள் பக்கம். கையில் காகிதம்தான் இல்லை.

முதலில் எல்லை. ஒரே நாள் பயணத்தில் நாடு மாறும்போது விதியும் மாறுகிறது. ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். தானே ஓட்டினாலும் சரி, பின் இருக்கையில் இருந்தாலும் சரி, இழுவண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஜெர்மனியில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதை நம்பி ஹெல்மெட் இல்லாமல் பாஸாவில் கிளம்பி எல்லை தாண்டும் பெற்றோரை என்ன சொல்வது! 12 வயதாகாத குழந்தை, சைக்கிள் தேர்வில் தேறிச் சான்று பெற்றிருந்தால் ஒழிய, ஆஸ்திரியச் சாலையில் 16 வயது நிரம்பிய ஒருவர் துணையோடுதான் ஓட்ட வேண்டும். ஜெர்மனியிலோ 8 வயதாகாத குழந்தை நடைபாதையில் போக வேண்டும், அல்லது சாலையிலிருந்து பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதையில் போகலாம். 16 வயது நிரம்பிய துணையும் அந்த நடைபாதையிலேயே கூட வரலாம். ஆஸ்திரியாவில் சிக்னல் இல்லாத சைக்கிள் கடப்பிடத்தை வாகனம் வரும் வேளையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நெருங்கக் கூடாது என்பதையும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இனி விபத்து. காயம் இருந்தால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இலவசமான எண் இது. ஆஸ்திரியாவில் யாருக்காவது காயம் பட்டால் போலீசுக்குத் தெரிவிப்பது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் கடமை. ஓட்டுநர் கெஞ்சினாலும், அவசரம் என்றாலும், போலீஸ் வரும்வரை நகராதீர்கள். கார் எண், ஓட்டுநரின் பெயர், முகவரி, நின்று பார்த்தவரின் தொலைபேசி எண், கார் நின்ற நிலையில் ஒரு படம் ஆகியவை போதும். எண் மட்டும் கிடைத்தாலும் வழி உண்டு. ஜெர்மனியில் 'ட்சென்ட்ரால்ரூஃப்' என்ற மோட்டார் இன்சூரன்ஸ் தகவல் மையத்தை 0800 250 2600 என்ற எண்ணில் அழைத்தால், அந்தக் கார் எந்தக் கம்பெனியில் இன்சூர் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கம்பெனியிடம் நீங்கள் நேரடியாகவே இழப்பீடு கேட்கலாம். கேட்ட 3 மாதத்துக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். அதற்கு அன்றைய தேதியிட்ட டாக்டர் அறிக்கை வேண்டும். லேசான வீக்கம்தானே என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அன்றே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. ஜெர்மன் சிவில் சட்டப்படி, 10 வயதாகாத குழந்தை ஓடும் மோட்டார் வாகனத்தோடு மோதினால், வேண்டுமென்று செய்ததாக இருந்தால் ஒழிய, சேதத்துக்குக் குழந்தை பொறுப்பாகாது. ஆகவே "எங்கள் பிள்ளை மேல்தான் தப்பு" என்று பதற்றத்தில் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

காரே இல்லாமல் மரவேரில் தடுக்கி விழுந்தால் கதை வேறு. ஆஸ்திரியாவில் பாதைக்குப் பொறுப்பானவர் பெருங்கவனக்குறைவாக இருந்தால்தான் அவரிடம் இழப்பீடு கேட்க முடியும். அதனால் உங்கள் சொந்த இன்சூரன்ஸைக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ பாலிசி அவசர மருத்துவத்துக்கும் தாயகம் திருப்பி அனுப்பவும்தான். உங்கள் சைக்கிள் அடுத்தவர் காரைக் கீறினால் அந்தக் கட்டாயப் பகுதியிலிருந்து பணம் வராது.

திருட்டுக்கு வருவோம். வாடகைச் சைக்கிளை எடுக்கும்போதே பிரேம் எண்ணையும் ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருடு போனால் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, 'அன்ட்சைகே-பெஷ்டேட்டிகுங்' என்ற எழுத்துபூர்வ ஒப்புகையைக் கேளுங்கள். "எப்படியும் கிடைக்காது, எதற்குப் புகார்?" என்று மேசைக்குப் பின்னால் இருந்து தோளைக் குலுக்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். குழந்தைகளோடு களைத்து நிற்கும் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருப்பது எரிச்சலூட்டுகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: ஒப்புகை எழுத்தில் தரப்பட வேண்டும். மொழி தெரியாதவருக்குப் புகார் கொடுக்க மொழி உதவி வேண்டும். கேட்டால் அவருக்குப் புரியும் மொழியில் ஒப்புகையை இலவசமாக மொழிபெயர்த்தும் தர வேண்டும். விசாவில் வந்தவர், குடியிருப்பவர் என்ற பேதம் இதில் இல்லை. ஒப்புகை இல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

பையோடு பாஸ்போர்ட்டும் போனால் முதல் காகிதம் அதே போலீஸ் ஒப்புகைதான். பிறகு, பாஸாவ் பகுதியில் என்றால் ம்யூனிக்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம், ஆஸ்திரியாவில் என்றால் வியன்னாவிலுள்ள இந்தியத் தூதரகம். அவசரச் சான்றிதழில் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே முடியும், ஐரோப்பாவில் பயணத்தைத் தொடர முடியாது.

மாலை ரயிலில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆஸ்திரியாவின் நெடுந்தூர ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட்டும் முன்பதிவும் வேண்டும். முன்பதிவு செய்திருந்தும் தக்க காரணமின்றிச் சைக்கிளை ஏற்ற மறுத்தால், 2023 ஜூன் முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ரயில் பயணிகள் விதிப்படி, கட்டணத்தைத் திரும்பப் பெறவோ வேறு ரயிலில் போகவோ உங்களுக்கு உரிமை உண்டு. தாமதம் 60 நிமிடமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம். இயற்கைச் சீற்றம் போன்ற விலக்குகள் உண்டு, உள்ளூர் ரயில்களுக்கும் சில விலக்குகள் உண்டு. "இணையத்தில் பாருங்கள்" என்று கவுன்ட்டரில் கையை விரிப்பார்கள். விடாதீர்கள். தாமதத்தை எழுதித் தரும்படி கேட்டால் ரயில் நிறுவனம் தந்தாக வேண்டும். 3 மாதத்துக்குள் அந்த நிறுவனத்திடம் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில், தகுந்த காரணம் இருந்தால் அதிகபட்சம் 3 மாதத்தில், பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, ஆஸ்திரியாவில் வியன்னாவிலுள்ள 'ஏபிஎஃப்' பயணிகள் உரிமை முகமைக்கும், ஜெர்மனியில் பெர்லினிலுள்ள பயணப் போக்குவரத்துச் சமரச அமைப்புக்கும் எழுதலாம். இரண்டும் பயணிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. டிக்கெட், முன்பதிவுச் சீட்டு, தாமதச் சான்று மூன்றின் படமும் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

கரையில் இறங்கும் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கப்பல் கடக்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் பின்வாங்கும், பிறகு வேகமாகத் திரும்பி ஏறும். பின்வாங்கிய தரையில் கூழாங்கல் பொறுக்க ஓடும் பிள்ளையை அது இழுத்துவிடும். கப்பலைக் கண்டால் பிள்ளைகளைக் கரைக்கு மேலே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீர்மின் அணைகளின் அருகே தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்திய இரவு பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் பாலிசி, பிரேம் எண், ரயில் முன்பதிவு நான்கையும் படம் எடுத்து, கூட வரும் பெரியவர்கள் இருவர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியின் உதவி எண்ணைத் தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் போடுங்கள். என்ன நடந்தாலும், எழுத்தில் வாங்க வேண்டியதை அன்றே அந்த ஊரிலேயே வாங்கிவிட்டு ரயில் ஏறுங்கள்.