‘ம்’ கொட்ட ஓர் ஆள்

ஏழெட்டு வயதுக் குழந்தை கதை எழுத உட்கார்ந்தால் பல வேலைகள் ஒரே நேரத்தில் அதன் தலையில் விழுகின்றன. லகரமா ளகரமா என்று பார்க்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும். எழுத்து கோட்டுக்குள் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அடுத்து என்ன நடக்கும் என்றும் யோசித்தாக வேண்டும். கை எழுத்தோடு மல்லுக்கட்டும்போது முதலில் நழுவுவது கதைதான். முன்கூட்டித் திட்டமிட வைத்தால் இந்தச் சுமை இரண்டாகப் பிரிகிறது: முதலில் கதை, பிறகு எழுத்து.

தமிழ்க் குழந்தைக்கு இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். அது கதை கேட்டதும் சொல்வதும் ‘இருந்துச்சாம்’, ‘போச்சாம்’ என்னும் பேச்சில். நோட்டில் அதுவே ‘இருந்தது’, ‘சென்றது’ என்று மாற வேண்டும். கதையையும் மொழிமாற்றத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாத குழந்தை, மனதில் வந்த கதையை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்த கதையை எழுதிவிடுகிறது. ஆகவே திட்டமிடல் பேச்சுத் தமிழிலேயே நடக்க வேண்டும். அந்த நேரத்தில் வாக்கியத்தைத் திருத்தக் கூடாது.

கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987-இல் வெளியிட்ட நூலில், எழுதப் பழகுபவர்கள் தெரிந்ததை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிக்கொண்டே போவதை விளக்கினார்கள். தமிழில் அதன் அடையாளம் ‘அப்புறம்’. டொனால்ட் கிரேவ்ஸ் 1983-இல் எழுதிய நூலில், எழுதும் முன் குழந்தை வரையும் படத்தை ஒத்திகையாகக் கண்டார். சிறு வயதில் திட்டம் என்பது பேச்சும் படமும்தான். ‘தொடக்கம், நடு, முடிவு’ என்று தலைப்பிட்ட அட்டவணை அந்த வயதுக்கு இன்னொரு எழுத்து வேலையாகிவிடும்.

செய்முறை எளிது. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு குச்சிப் படம். அழகாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் புரிந்தால் போதும். பிறகு விரல் வைத்துக் கதை சொல்ல வேண்டும், பக்கத்தில் ‘ம்’ கொட்ட ஓர் ஆள் வேண்டும். பாட்டியிடம் கதை கேட்ட தலைமுறைகளுக்கு அந்த ‘ம்’மின் பலம் தெரியும். அது நின்றால் கதையும் நின்றுவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கதை. “ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம். அப்புறம் சந்தைக்குப் போச்சாம். அப்புறம் தொலைஞ்சு போச்சாம். அப்புறம் கெடைச்சிருச்சாம்.” நான்கு கட்டமும் நிறைந்துவிட்டது, கதை இன்னும் வரவில்லை. கேட்பவர் இங்கே யோசனை எதையும் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். “தொலைஞ்சுட்டோம்னு குட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது?” “அம்மா கழுத்து மணிச் சத்தம் கேக்கல.” “அதனால?” “மணி விக்கிற கடைக்குப் போச்சு.” “ஆனா?” “அங்க எல்லா மணியும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.” ‘அப்புறம்’ இருந்த இடத்தில் ‘அதனால’வும் ‘ஆனா’வும் வந்ததும் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் கட்டத்தில் இப்போது ஒரு மணிக்கடை இருக்கிறது. அதைப் பெரியவர் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆரம்பமே கிடைக்காத குழந்தைக்கு ஜியானி ரொடாரியின் வழி உதவும். 1973-இல் இத்தாலியில் வெளிவந்த ‘கற்பனையின் இலக்கணம்’ நூலில் அவர் நாய், அலமாரி என்று தொடர்பற்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைக்கிறார். ஆடு, மின்விசிறி என்று வைத்தாலும் கதை கிளம்பும். கதை கேட்டு வளராத குழந்தையிடம் எதுவும் கிளம்பாது என்பதையும் மறக்கக் கூடாது. கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலில் வரும் ஆசிரியர் வகுப்பைக் கதை சொல்லித்தான் தன் பக்கம் இழுக்கிறார்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ‘குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக’ என்னும் வினாவைப் பற்றி. காகம் – தாகம் – பானை – கூழாங்கல் என்று குறிப்பு வந்துவிட்டால் திட்டமிடும் வேலையை வினாத்தாளே முடித்துவிடுகிறது. யார், எங்கே, என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது என்ற நான்கு முடிவுகளும் வேறொருவர் எடுத்தவை. குழந்தைக்கு மிஞ்சுவது வினைச்சொல்லும் முற்றுப்புள்ளியும். அதையும் கைடு தந்துவிடுகிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நாற்பது நோட்டிலும் ஒரே காகம், அடியில் ஒரே ‘நீதி’. தயங்கும் குழந்தைக்குக் குறிப்பு கைத்தாங்கல் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் சில வாரங்களுக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, கதை என்பது தன்னிடம் இருப்பது அல்ல, மனப்பாடம் செய்து கொண்டுவருவது என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். இந்த முடிவை மாற்றுவது மிகக் கடினம்.

படத்தாள் தயாரானதும் எழுத்து வேலை தொடங்கலாம், அன்றே வேண்டும் என்றில்லை. ‘போச்சு’, ‘போனது’ ஆகும் இடங்களை இப்போது சொல்லிக் கொடுக்கலாம்; உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே விட்டுவிடலாம். படத்தாளுக்கு மதிப்பெண் கூடாது. எழுதும்போது குழந்தை திட்டத்தை விட்டு விலகினால் இழுத்துப் பிடிக்கவும் கூடாது. கதை எழுதிய பக்கத்துக்கு எதிரே தாளை ஒட்டி வைத்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும். ஆட்டுக்குட்டிக் கதையின் நான்காம் கட்டத்தில் அம்மா ஆடு சும்மா வந்து நிற்கிறது. எழுதிய கதையிலோ கடைக்காரர் தொங்கும் மணிகளையெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிறார். கடை அமைதியாகிறது. சந்தையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு மணி மட்டும் கேட்கிறது.