வீட்டு முகப்பில் கல்மேடை

ஜோத்பூர் நகரின் பழைய தெருக்களில் வீட்டு வாசலையொட்டிக் கல்லாலான மேடையொன்றைக் காணலாம். சபூதரா என்று அழைக்கப்படும் இம்மேடை, வெயில் தாழ்ந்த பின் முதியோர் அமரவும், வந்தவருடன் பேசவும், சிறுவர் விளையாடவும் பயன்படுகிறது. மேடைக்குரிய மணற்கல் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளிலேயே வெட்டப்படுகிறது. பஞ்ச நிவாரணப் பணியாக 1929-இல் தொடங்கி 1943-இல் நிறைவுற்ற உமைத் பவன் அரண்மனையும் இவ்வகைக் கல்லால் எழுந்ததே.

வட்டாரத்துக்கு வட்டாரம் கல் வேறுபடுகிறது. இமாசலப் பிரதேசத்தின் காங்ராவில் பலகைக்கல், தக்காணத்தில் கரும்பாறை, ஷாகாபாத்திலும் கடப்பையிலும் சுண்ணாம்புக்கல், கொங்கண, மலபார்க் கரைகளில் செம்புரைக்கல் என்று அருகில் கிடைப்பதையே மக்கள் பயன்படுத்தி வந்துள்ளனர். கல் கனமான பொருள். 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள மேடைக்கு 4 சென்டிமீட்டர் கனமான மணற்கற்களைப் பாவினால், மேற்பரப்புக்கு மட்டுமே முக்கால் டன் அளவுக்குக் கல் வேண்டும். பக்கச் சுவர்களுக்கு வேண்டியது இதனினும் பன்மடங்கு. ஆதலால் தொலைவிலிருந்து தருவிக்கும் கல்லுக்கு, கல்லின் விலையைக் காட்டிலும் வண்டி வாடகை மிகுந்துவிடுவதுண்டு.

கல்லைத் தேர்வதற்கு எளிய சோதனைகள் உள்ளன. சுத்தியலால் தட்டினால் நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசலுள்ள கல் மழுங்கிய ஓசை தரும். ஒருநாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தால் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பது விளங்கும். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நீரை உறிஞ்சும் கல்லை வெளிப்புறத்தில் பயன்படுத்தாதிருப்பது நலம். ராஜஸ்தானின் கோட்டாப் பகுதியிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் உறுதியானது, விலையும் மலிவு. ஆயினும் மெருகேற்றிய கோட்டாக் கல் மழையில் வழுக்கும். அமிலம் பட்டால் நிறம் மங்கும். வாசலுக்கு மெருகிடாத கல்லையே கேட்டு வாங்க வேண்டும்.

மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. பூமியில் எவ்வாறு படுத்திருந்ததோ, அவ்வாறே கட்டடத்திலும் அதனைக் கிடத்த வேண்டும் என்பது கல்தச்சர் கண்ட உண்மை. அடுக்குகள் வெளிமுகம் நோக்கி நிற்குமாறு கல்லை நிறுத்தினால், நீர் புகுந்து ஏடு ஏடாக உரிந்துவிடும். படிகளின் முகப்பில் மெல்லிய பலகைக் கற்களைச் செங்குத்தாக ஒட்டும் இன்றைய வழக்கம் இவ்விதியை மறந்ததன் விளைவு எனலாம்.

மேடை கெடுவது பெரும்பாலும் கல்லால் அன்று. கல்லுக்கு அடியிலுள்ள மண்ணால். வீட்டுச் சுவருக்காகத் தோண்டி மூடிய மண் சுவரோரத்தில் தளர்ந்தே இருக்கும். அதன்மீது மேடையை எழுப்பினால் ஓரிரு மழைக்காலத்தில் அது உள்வாங்கி வீட்டை நோக்கிச் சாயும். மழைநீர் வெளியே ஓடுவதற்குப் பதிலாக நிலைப்படியை நோக்கி வரும். ஆகவே மேல்மண்ணை நீக்கி, கெட்டி மண் தென்படும்வரை வானம் தோண்டி, பக்கச் சுவர்களுக்குத் தனிக் கடைக்கால் அமைப்பது இன்றியமையாதது. உட்புறத்தை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசால் இடிக்க வேண்டும். இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாதது என்பதாலேயே பல இடங்களில் குறைக்கப்படுகிறது. மேடையை வீட்டுச் சுவருடன் இணைத்துக் கட்டுவதும் தவறு. இரண்டுக்குமிடையே சிறு இடைவெளி விட்டுத் தாரால் அடைத்தால், ஒன்று அமிழும்போது மற்றொன்று வெடிக்காது.

வீட்டின் அடித்தளத்திலுள்ள ஈரத்தடை அடுக்குக்குக் கீழாகவே மேடையின் தளம் அமைய வேண்டும். அதனை மீறினால் ஈரம் தடையைத் தாண்டிச் சுவரில் ஏறும்; நிலத்தடி நீரில் உப்பு மிகுந்த மேற்கு ராஜஸ்தானில் சுவர் உப்புப் பூத்துக் காரை உதிரும். தளத்துக்கு 50-க்கு 1 என்ற வாட்டம் போதுமானது. 2 மீட்டர் அகலத்துக்கு 4 சென்டிமீட்டர் தாழ்வு. படிகள் 15 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்டு, எல்லாம் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஒரேயொரு படியே முதியோரைத் தடுக்கி விழச் செய்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பதாயின் 12-க்கு 1 என்ற சரிவு வேண்டும். 45 சென்டிமீட்டர் உயர மேடைக்கு இது 5.4 மீட்டர் நீளமாகும். சிறு மனைகளில் இதற்கு இடம் காண்பது எளிதன்று. மேடையின் உயரத்தைத் தொடக்கத்திலேயே குறைத்துத் திட்டமிடுவதே வழி.

கல்லின் உறுதியைப் பற்றிப் பேசுவோர் அதனை வெட்டுவோரின் நுரையீரலைப் பற்றிப் பேசுவது குறைவு. மணற்கல்லில் பெரும்பகுதி சிலிக்கா. உலர்ந்த நிலையில் உளியோ இயந்திர வாளோ அதனை அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் உடன் பற்றுகிறது. கல்வெட்டுத் தொழிலாளர் பலர் நடுவயதிலேயே மூச்சுத் திணறலால் முடங்கிய நிலையில், ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்நோயைக் கண்டறிதல், தடுத்தல், நிவாரணம், மறுவாழ்வு ஆகியவற்றுக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. நிவாரணம் நோய் வந்த பின் கிடைப்பது. அறுக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சினால் தூசியின் பெரும்பகுதி சேறாகப் படிந்துவிடும்.

வீடு கட்டுவோரும் இதில் செய்யக்கூடியது உண்டு. வாசலில் வைத்து உலர்ந்த கல்லை அறுக்க விடாமல், அளவு குறித்துக் கொடுத்து, நீர் பாய்ச்சி அறுக்கும் பட்டறையிலேயே வெட்டி வாங்கலாம். அறுப்பதையே குறைக்கவும் வழியுண்டு. 60 சென்டிமீட்டர் சதுரக் கல்லை 4 மீட்டருக்கு 2 மீட்டர் மேடையில் பாவினால் 28 கற்கள் வேண்டும். அவற்றில் 10 கற்களை அறுத்தாக வேண்டும். அதே மேடையை 4.2 மீட்டருக்கு 1.8 மீட்டராக வரைந்தால் 21 கற்களே போதும். ஒன்றைக்கூட அறுக்க வேண்டியதில்லை.