மூச்சும் பல்லும்

ஆரணியை அடுத்த சேவூரில் நெசவாளர் வீடுகள் பலவற்றில் பட்டுத்தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின்கீழ் அமைகின்றன. அத்தகைய வீட்டில் ஆஸ்துமா என்னும் ஈளை நோயுள்ள குழந்தை இருப்பின், தூசியும் புகையும் இழுப்பைத் தூண்டாமல் காப்பதே பெற்றோரின் முதற்கவலை. இரவெல்லாம் மூச்சு வாங்கும் பிள்ளையின் பல்லைப் பற்றி யார் நினைப்பார்? ஆயினும், இந்நோயுள்ள குழந்தைகளுக்குப் பற்சொத்தை ஏற்படும் வாய்ப்பு மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் சுட்டுகின்றன.

காரணத்தை உணர, உமிழ்நீரின் பணியை அறிதல் வேண்டும். உணவிலுள்ள சர்க்கரையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியங்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணிக்கிறது. கரைந்த தாதுக்களை ஓரளவு மீண்டும் படியச் செய்கிறது. நாள்தோறும் நிகழும் இந்த இழப்பும் ஈடும் ஒத்திருக்கும்வரை பல்லுக்குக் கேடில்லை.

ஈளை நோய் இச்சமநிலையைக் குலைக்கிறது. வாய்வழியே சுவாசிக்கும் குழந்தைக்கு வாய் உலர்கிறது. சுருங்கிய மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்புட்டமால் உமிழ்நீர்ச் சுரப்பையும் குறைக்கக்கூடும். தூளாக உள்ளிழுக்கும் மருந்துகள் பலவற்றில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை கலந்துள்ளது. இவற்றினும் கவனிக்கத்தக்கது, படுக்கப் போகையில் புகட்டும் இனிப்பு மருந்து. உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரப்பதால், அவ்வினிப்பு நெடுநேரம் பற்களில் தங்கிவிடுகிறது. கசப்பு மறக்க ஒரு மிட்டாயும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டா.

பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்பார் உளர். ஆனால், நிலையான முதற் கடைவாய்ப்பல் ஆறு வயதையொட்டி, எப்பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. அதனையும் பால்பல் என்றே எண்ணிக் கைவிடுவோர் பலர். அறுந்த பாவிழையைப் பிணைத்து மேலும் நெய்யலாம். குழிவிழுந்த எனாமலை மீண்டும் வளர்க்கும் செல்கள் முளைத்த பல்லில் இல்லை.

இதற்கஞ்சி இன்ஹேலரை நிறுத்துதல் பெருந்தவறு. பல்லுக்குப் பரிந்து மூச்சை இழப்பதாக அது முடியும். மருந்தை உள்ளிழுத்தவுடன் நீரால் வாய் கொப்பளித்துத் துப்பினால், பல்லில் படிந்தது நீங்கும். ஸ்டீராய்டு மருந்தால் நாவில் தோன்றும் வெண்படலப் பூஞ்சையும் தடுக்கப்படும். ஸ்பேசர் என்னும் இடைக்கலன் வாயில் படியும் மருந்தின் அளவைக் குறைக்கிறது. இரவு மருந்தைப் பல் துலக்குவதற்கு முன்னரே கொடுத்துவிடலாம். துலக்கியபின் தண்ணீரன்றி வேறெதுவும் வேண்டா. ஃபுளோரைடு கலந்த பற்பசை எனாமலை வலுப்படுத்தும். பல் மருத்துவரிடம் செல்லும்போது குழந்தையின் நோயைத் தெரிவிப்பதோடு, இன்ஹேலரையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். சிகிச்சை குறித்த அச்சமே சில குழந்தைகளுக்கு இழுப்பைத் தூண்டிவிடும்.