விரலுக்கு வேறு, மவுஸுக்கு வேறு

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளிவந்தபோது, 1995 முதல் திரையின் இடது மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பட்டனைக் காணவில்லை. டேப்லெட்டுக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே முகம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்திருந்தது. டேப்லெட்டில் வலது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ஒரு பட்டை வரும். அதில் செட்டிங்ஸ், பவர், ஷட் டவுன் என்று தொட்டுக்கொண்டே போகலாம். மவுஸ் பிடித்தவரோ அதே பட்டையை வரவழைக்க, எந்த அடையாளமும் இல்லாத மூலைக்கு அம்பைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கணினியை அணைப்பது எப்படி என்று அனுபவசாலிகளே கேட்க நேர்ந்தது. ஓராண்டுக்குள் 8.1 பதிப்பில் ஸ்டார்ட் பட்டன் திரும்பியது; 2015-இல் விண்டோஸ் 10 பழைய மெனுவையும் மீட்டது.

இந்தச் சறுக்கலுக்குத் திரையின் அளவைக் காரணம் சொல்வது மேம்போக்கு. வேறுபாடு கையில் இருக்கிறது. ஓர் இலக்கை எட்ட ஆகும் நேரம், அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே காட்டினார். மவுஸ் அம்பின் நுனி ஒரு பிக்சல். விரல்நுனியோ தான் தொடும் இடத்தையே மறைத்துவிடும். அதனால்தான் ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல், தொடும் பட்டனுக்குச் சுமார் 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது. மவுஸை ஐகான் மீது நிறுத்தினால் விளக்கம் தோன்றும். விரலுக்கு அப்படி 'தொடாமல் நிற்கும்' நிலை பெரும்பாலும் இல்லை. திரையின் மேல் ஓரத்தையே பாருங்கள். மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு அங்கே முட்டி நின்றுவிடும் என்பதால், மேக் கணினியின் மெனு 1984 முதல் அங்கேயே இருக்கிறது. ஒரு கையில் பிடித்த போனில் கட்டைவிரலுக்கு எட்டாத இடமும் அதுதான். ஐபோனின் சஃபாரி 2021-இல் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியதற்கு இதுவே நியாயம்.

ஒரே வடிவமைப்பு என்றால் பயனர் ஒருமுறை கற்றால் போதுமே, நிறுவனத்துக்கும் செலவு மிச்சமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர்கள், நிறங்கள், வேலையின் வரிசை ஆகியவை ஒன்றாக இருந்தாலே கற்றது கைகொடுக்கும். பட்டனின் அளவும் இடமும் மாறுவதால் கற்றது வீணாகிவிடாது. தரவும் கணக்கீடும் பொதுவாக இருக்க, கையாளும் மேலடுக்கை மட்டும் பிரித்தால் செலவும் இரட்டிப்பாகாது. திரையின் அகலத்துக்கேற்ப வளையும் இணையப் பக்கங்கள் போதாதா என்றால், அகலம் மட்டும் பார்த்தால் கையில் இருப்பது விரலா மவுஸா என்பது தெரியாது. அதைத் தனியே கேட்டறியும் வசதி பிரவுசர்களில் இப்போது உண்டு. பயன்படுத்த வேண்டியது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

தொடுதிரை லேப்டாப்பும் மவுஸ் இணைத்த டேப்லெட்டும் வந்தபின் இந்தப் பிரிவினை எதற்கு என்பது வலுவான எதிர்வாதம். 2020 மார்ச்சில் ஐபேட் இதற்கு விடை காட்டியது. அப்போது அதில் மவுஸ் அம்புக்குப் பதில் சிறு வட்டம் நகர்ந்தது. பட்டனை நெருங்கியதும் அந்தப் பட்டனின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. இரண்டு கருவிகளையும் ஒரே இயந்திரம் ஏற்றது, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கவில்லை. ஆகவே மவுஸில் நன்றாக ஓடும் செயலி விரலுக்கும் சரிப்படும் என்று நம்பி வெளியிடுவது சோம்பல். இரண்டையும் தனித்தனியே, பயன்படுத்துபவர்களின் கையில் கொடுத்துச் சோதித்தாக வேண்டும்.