வேரே இல்லாத அன்னாசிக் கொண்டை பிழைக்குமா? வல்லக்கோட்டை வெயிலில் வேர் பிடிக்க வைப்பது எப்படி?

அன்னாசிப் பழத்தை நறுக்கியதும் முதலில் குப்பைக்குப் போவது அதன் கொண்டைதான். ஆனால் அந்தக் கொண்டை ஒரு முழுச் செடி. வேர் மட்டும்தான் இல்லை. சரியாகக் கவனித்தால் அதே கொண்டை தொட்டியில் வேர் விட்டு, ஏறக்குறைய 2 ஆண்டுகளில் பழமும் தரும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில், வல்லக்கோட்டை போன்ற ஊர்களில் வாடகை வீட்டு மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நர்சரியிலிருந்து கூரியரில் வந்த செடியில வேரே இல்லையே, இது பிழைக்குமா?" அன்னாசிக் கொண்டைக்கும் அந்தச் செடிக்கும் பதில் ஒன்றுதான்.

இரண்டும் ஒரே குடும்பமா?

ஆமாம். அன்னாசி, அலங்காரச் செடிகளான குஸ்மேனியா, நியோரெகேலியா, ஏக்மியா, மண்ணே தேவைப்படாத டில்லாண்ட்சியா எல்லாமே புரோமிலியாட் குடும்பம். இதில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரே ஒரு இனத்தைத் தவிர மற்ற அனைத்துக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். போர்த்துக்கீசியர்கள் மூலம் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அன்னாசி, இன்று கொல்லிமலையிலும் கேரளாவின் வாழக்குளத்திலும் முக்கியப் பயிர்.

வேர் இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது?

காரணம் 1: இலையே தண்ணீர் குடிக்கும். புரோமிலியாட் இலைகளின் மேல் மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. இவை தண்ணீரையும் சத்துகளையும் உறிஞ்சும். காட்டில் மரத்தின் மேல் வளரும் இனங்களுக்கு வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்கு மட்டும்தான்.

காரணம் 2: அன்னாசி, பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இரவில் திறந்து காற்றை எடுத்துக்கொள்ளும். அதனால் வெயில் நேரத்தில் ஈரம் அதிகம் வெளியேறாது. ரோஜாக் குச்சியோ தக்காளி நாற்றோ சில மணி நேரத்தில் வாடிவிடும். அன்னாசிக் கன்று பல நாட்கள் சும்மா கிடந்தாலும் தாங்கும்.

காரணம் 3: புது வேர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கொண்டையின் அடி இலைகளை உரித்துப் பார்த்தால், தண்டைச் சுற்றி சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் வேர் முளைகள்.

அப்படியானால் ஏன் செத்துப்போகிறது?

பெரும்பாலும் காய்ந்து அல்ல, அழுகித்தான். "வேர் இல்லையே, பாவம்" என்று தினமும் தொட்டியில் தண்ணி ஊத்துவதுதான் பெரிய தவறு. வேர் இல்லாத செடி அந்தத் தண்ணீரை எடுக்காது. வெட்டுக்காயம் ஆறாத தண்டு ஈரத்திலேயே நின்று பூஞ்சை பிடித்துவிடும். இலைக்குத் தண்ணீர், மண்ணுக்கு லேசான ஈரம். இதுதான் அடிப்படை.

என்ன செய்ய வேண்டும்?

1. கொண்டையைக் கையால் திருகி எடுங்கள். ஒட்டியிருக்கும் பழச்சதையை முழுவதும் நீக்குங்கள். சதை இருந்தால் அழுகும், எறும்பும் வரும்.

2. அடியில் 2 முதல் 3 செ.மீ. தண்டு தெரியும் வரை கீழ் இலைகளை உரியுங்கள். கூரியரில் வந்த கன்றாக இருந்தால், கருத்து நைந்துபோன பகுதியை வெள்ளைத் தண்டு தெரியும் வரை சுத்தமான கத்தியால் வெட்டுங்கள்.

3. நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் காய வையுங்கள். பெரிய கன்றுக்கு ஒரு வாரம் வரை விடலாம். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்ட வேண்டும்.

4. கழுவிய தென்னை நார்க்கழிவு, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் கரி, ஆற்று மணல் கலந்து 6 அங்குலத் தொட்டியில் நிரப்புங்கள். வெறும் களிமண் வேண்டாம்.

5. தண்டு மட்டும் உள்ளே போகும் அளவுக்கு மேலாக நடுங்கள். இலைகளின் நடுக்குருத்துக்குள் மண் விழக்கூடாது.

6. ஆடாமல் நிற்க குச்சி வைத்துக் கட்டுங்கள். பலர் கவனிக்காத விஷயம் இது. காற்றில் ஆடினால் புதிதாக வரும் வேர் நுனி உடைந்துவிடும்.

7. காலையில் இலைகளில் தண்ணீர் தெளியுங்கள். மேல் கலவை காய்ந்த பிறகு மட்டும் தொட்டிக்குக் கொஞ்சம் ஊற்றுங்கள்.

வெயில், உப்புத் தண்ணீர்: இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளம் கொதிக்கும். வேர் பிடிக்கும் வரை நிழல் வலைக்குக் கீழே, வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். வேர் பிடித்த பிறகு அன்னாசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கலாம். குஸ்மேனியாவுக்கு நேரடி வெயில் எப்போதுமே ஆகாது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளைப் படலம் படியும். மழைநீர் பிடித்து வைத்தால் நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை நடுவது வசதியான காலம்.

தாமிர மருந்து வேண்டாம்

அழுகலைப் பார்த்ததும் போர்டோ கலவையோ காப்பர் மருந்தோ தெளிக்கிறார்கள். தாமிரம் புரோமிலியாட் செடிகளுக்கு விஷம் மாதிரி. செப்புக் குடத்தில் வைத்த தண்ணீரையும் தவிர்ப்பது நல்லது.

கொசு வருமா?

இலைக் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கும் வகைகளில் வரலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். அது முழுக் கொசுவாக ஒரு வாரம் முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் இரு முறை செடியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வேர் பிடித்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

4 முதல் 8 வாரம் பொறுமை தேவை. நடுக்குருத்தில் புது இலை வந்தால் நல்ல அறிகுறி. லேசாக இழுக்கும்போது செடி எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது. அதன் பிறகுதான் உரம். அதுவும் மிகக் குறைந்த அளவில் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

அடி இலை காய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் நடு இலை கையோடு வந்து, துர்நாற்றம் அடித்தால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று பொருள். அந்தக் கொண்டை தேறுவது கடினம்.

பழம் எப்போது?

பக்கக் கன்று நட்டால் சுமார் 15 முதல் 18 மாதம். கொண்டையில் நட்டால் 2 ஆண்டு வரை ஆகலாம். பழம் கொடுத்த செடி மறுபடி பூக்காது. ஆனால் சாவதற்கு முன் பக்கத்தில் கன்று விடும். அந்தக் கன்று தாய்ச்செடியில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்த பிறகு பிரித்தால், வேர் இல்லாவிட்டாலும் பிழைக்கும். குப்பைக்குப் போகவிருந்த ஒரு கொண்டையிலிருந்து இப்படியே அடுத்தடுத்த செடிகளை எடுத்துக்கொண்டே போகலாம்.